பெட்ரோல் வாடை

"உன்னை நம்பித்தானே இந்த வண்டியைக் கொடுத்தேன்! உள்ள உட்கார முடியல. ஒரே பெட்ரோல் வாடை!"

கார்க்காரர் போட்ட சத்தத்தில் ஷெட்டே திரும்பிப் பார்த்தது. மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தார். அந்தப் பழங்காலத்துக் காரில் இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பொருத்தி, டேங்க்கிலிருந்து இன்ஜின்வரை புது பெட்ரோல் குழாய் இழுத்து நேற்றுதான் ஒப்படைத்திருந்தார்.

ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார்.

"ஒரு சொட்டுக்கூட கசியல சார்."

"அப்போ என் மூக்கு பொய் சொல்லுதா? குழாய் மாட்டத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா ஷெட்டு?"

காத்திருந்த வேறொரு வாடிக்கையாளர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார். மெக்கானிக் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் பாட்டில் எடுக்க டிக்கியைத் திறந்த கார்க்காரரின் மனைவி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, உங்க துண்டுல என்ன சுத்தி வெச்சிருக்கீங்க? நனைஞ்சு கிடக்கு."

பிரித்தாள். பழைய கார்புரேட்டர். உள்ளே தங்கியிருந்த பெட்ரோல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதை நேத்தே எடைக்குப் போட்டாச்சுன்னீங்க?"

கார்க்காரர் தலை நிமிரவில்லை. "இல்ல... புதுசு நடுவழியில காலை வாரிட்டா, திரும்ப மாட்டிக்கலாமேன்னு..."

மெக்கானிக் அதை வாங்கி, மிச்சப் பெட்ரோலை ஒரு டப்பாவில் வடித்தார். காய்ந்த துணியில் சுற்றி டிக்கியிலேயே வைத்தார்.

"இனிமே வாடை வராது சார். தைரியமா வெச்சுக்குங்க."