உச்சிக் கல்

பல் டாக்டர் டப்பர் அந்தக் கல்லைத் தலைகீழாகப் பிடித்து அதன் வாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

ரிடையரான பிறகும் புத்தி போகவில்லை என்று ஊரே சிரிக்கும். எங்கள் சுண்ணாம்புக் குன்றில் சக்கிமுக்கிக் கல்லோடு கல்லாகிக் கிடக்கும் இதய வடிவப் பழங்காலக் கடல் உயிர் எதைக் கொண்டுபோனாலும், முதலில் வாயைத்தான் பார்ப்பார். வாய் விளிம்பை ஒட்டியிருந்தால் குன்றின் மேல் அடுக்கில் மட்டும் கிடைக்கும் உச்சிக் கல். உள்ளே தள்ளியிருந்தால் ஆழத்து அடுக்கில் கிடைக்கும் அடிக் கல். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் வீட்டில் எனக்கு டீ உண்டு. அது ஊருக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்து மேவிஸ் வந்திருந்தாள். கறுப்புக் கோட்டில் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள்.

அவள் புருஷன் பெர்சியைச் சுண்ணாம்புக் குழியின் அடியிலிருந்துதான் தூக்கினார்கள். மூடிய கைக்குள் இந்தக் கல்.

குழியின் விளிம்பில் கல் பொறுக்கும்போது வழுக்கிவிட்டான் என்றாள் மேவிஸ். குதித்துவிட்டான் என்றது ஊர். அன்றிலிருந்து சர்ச்சில் அவள் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை.

நான் மட்டும் உட்கார்ந்தேனா என்ன?

"உச்சியில இருந்த கல்லா, அடியில கிடந்ததா? அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பல்லைப் பிடுங்கியாக வேண்டும் என்று சொல்வதற்கு முன்னாலும் இப்படித்தான் செய்வார்.

"உச்சிக் கல்தாம்மா. எட்டி எடுத்திருக்கான், கால் வழுக்கிடுச்சு."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. எனக்குக் காது மந்தம்."

சத்தமாகச் சொன்னார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். கல் என் கோப்பைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

எனக்குக் கை சும்மா இருக்குமா? புரட்டினேன். வாய் நன்றாக உள்ளே தள்ளியிருந்தது. குழியின் விளிம்பில் கிடைக்கிற கல்லே இல்லை.

டாக்டர் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் பேக்கரியில் ஓர் ஆள் விடாமல் சொன்னேன்: "உச்சிக் கல்லேதான். என் கண்ணால பார்த்தேன்."

வீடு திரும்பும் வழியில் மேவிஸின் சன்னலை எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் நான் போனதில்லை. பெர்சி பொறுக்கிய கற்கள் எப்போதும்போல வரிசையாக இருந்தன. உச்சிக் கற்கள் மேல்தட்டில், அடிக் கற்கள் கீழ்த்தட்டில்.

பெர்சிக்குப் பொறுக்க மட்டும்தான் தெரியும். வாய் பார்த்துப் பிரித்து அடுக்கியதெல்லாம் அவள்தான்.

காதிலும் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. என் வீட்டில் கரண்டி விழுந்தால் அவள் வீட்டில் கேட்கும்.