மொண்ணைக் கத்தி

“இதுல எது சீக்கிரம் மொண்ணையாகும்?”

அப்பா இப்படிக் கேட்டதும், தன் காதில்தான் சரியாக விழவில்லையோ என்று கடைக்காரர் அவளைப் பார்த்தார்.

“எது ரொம்ப நாள் கூரா இருக்கும்னு கேக்கறார்” என்று அவளே திருத்திச் சொன்னாள்.

“இல்ல. மொண்ணையாகறதைத்தான் கேட்டேன்.”

கடைக்காரர் சிரித்தே விட்டார். அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

அப்பாவுக்குப் பார்சல் கிடங்கில் வேலை. பொழுதுக்கும் கயிறு, சாக்கு, அட்டைப்பெட்டி என்று எதையாவது அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மடக்குக் கத்தி நேற்று இடுப்பொடிந்து போனது. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக ஊருக்கு வந்திருந்தவளுக்கு அது நல்லதாகப் போயிற்று. போனில் என்ன வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிற மனுஷன். இதையாவது தன் கையால் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று, கத்திகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் செல்போனில் படித்துவிட்டு வந்திருந்தாள்.

கண்ணாடி மேஜைமேல் கத்திகள் விரிந்து கிடந்தன. கார்பன் ஸ்டீல் என்றால் கூர் நன்றாக ஏறும், ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும் என்றாள். இன்னொன்று நல்ல கெட்டி இரும்பு. ஒரு தடவை கூர் வைத்தால் மாசக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டாம். நுனி கிளிமூக்கு மாதிரி வளைந்து, கயிறு அறுப்பதற்கென்றே செய்தது. ஓரமாகக் கிடந்த சாதா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தி, பழம் நறுக்கத்தான் லாயக்கு.

“கத்தி வாங்க வந்தியா, பரீட்சை எழுத வந்தியா?” என்றார் அப்பா.

கிளிமூக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரித்துப் பார்த்தார். கட்டை விரலால் கூரைத் தடவியபோது ஒரு நொடி அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே மடக்கி வைத்துவிட்டார்.

“வளைஞ்சிருக்கு. கல்லுல வெச்சுத் தீட்ட வராது.”

“இதை அடிக்கடி தீட்டவே வேண்டாம்பா. அதுக்குத்தானே இது.”

“அதனாலதான் வேண்டாங்கறேன்.”

அதே இரும்பில் நேரான அலகு உள்ளதைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அதையும் தொடவில்லை. இங்கே பிடிக்கவில்லை என்றால் வெளியூரிலிருந்து வரவழைக்கிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்றாள் அவள். இன்றைக்கே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நாளை ஞாயிறு, கிடங்கே திறக்காதே, அப்படி என்ன அவசரம் என்று கேட்டதற்கு, மேஜை ஓரத்துக் கத்திகளைப் புரட்ட ஆரம்பித்தார்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. இந்தப் பிடிவாதம் அவளுக்குப் புதிதல்ல. பட்டம் வாங்கி வந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்க, அவள் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்து, “நீயும் எனக்குத்தான் பொறந்தியா, தண்டம்” என்றார். அவள் படிக்கட்டும் என்று தன் படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போனவன் அண்ணன். அப்படியே எழுந்து போனவன், மறுநாளே தனியாக வீடு பார்த்துக்கொண்டான். அதற்கப்புறம் அப்பனும் மகனும் பேசியதில்லை. போனில் அவள் ‘அப்பா’ என்று ஆரம்பித்தாலே, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவான். அம்மாவும் இல்லாத வீட்டில் அப்பா மட்டும் கிடக்கிறார். எல்லாம் தன் படிப்பால் வந்த வினை என்று அவள் அழாத நாள் குறைவு.

“உங்க பிடிவாதத்தாலதான் அண்ணன் நம்ம வாசப்படி மிதிக்கறதில்ல” என்றாள், கடை என்றும் பாராமல்.

கடைக்காரர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். அப்பா ஓரமாகக் கிடந்த சாதா கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கான பணத்தைக் கொடுத்துவிட்டு அவளும் வந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. கடைப்படியில் குந்தியிருந்த அப்பா, சற்றுமுன் வாங்கிய கத்தியின் கூரைச் சிமெண்ட்டில் வைத்து, ஈவு இரக்கமில்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.



“பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமேப்பா. என் முன்னாலேயே இப்படிப் பண்ணணுமா?”

அவர் நிமிரவில்லை.

“உங்கண்ணன் வர்றாம்மா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. பேச மாட்டான். ஜன்னல்ல இருக்கற கத்தியை எடுத்துட்டுப் போய்ப் பின்கட்டுல உக்காந்து தீட்டுவான். வெச்சிட்டுப் போயிடுவான். அவ்வளவுதான்.”

“என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?”

“சொன்னா நீ அவன்கிட்ட கேப்ப. நீ கேட்டா, ரோஷத்துல அதையும் நிறுத்திடுவான்.”

கத்தியைத் திருப்பி, மறுபக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

“சனியன், புதுசுங்கறதால சுலபத்துல மழுங்க மாட்டேங்குது. நாளைக்கு அவன் எடுத்துப் பாக்கறப்ப கூரா இருந்தா, அப்படியே வெச்சிட்டுப் போயிடுவாம்மா.”