நாலாவது புகார்

"இங்க எல்லாம் நல்லாத்தான் கேக்குது டாக்டரம்மா. வீட்டுக்குப் போனதும் மக்கர் பண்ணுது" என்றார் பெரியவர், காதிலிருந்த கருவியைத் தட்டிக் காட்டி.

ஒரே மாதத்தில் ஐந்தாவது முறையாக வந்திருக்கிறார். முப்பது வருடம் லேத் பட்டறை இரைச்சலில் நின்று காதைப் பறிகொடுத்தவர். அந்தக் காதைச் சோதித்து, அச்சு எடுத்து, அதற்கென்றே கருவியைச் சரிசெய்து கொடுத்தவள் டாக்டரம்மாதான். அவள் செய்த வேலை எதுவும் இப்படிக் காலை வாரியதில்லை. இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று கணினி முன் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, வீட்ல என்னதான் பண்ணுது?"

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். பென்சிலில் குண்டு குண்டான எழுத்து.

"ஒண்ணு. காலிங் பெல், குக்கர் விசில் எல்லாம் காதைக் கிழிக்குது. கனத்த குரல் மட்டும் விழவே மாட்டேங்குது. இதோ, என் குரல் மாதிரி."

"கனத்த சத்தம் உங்களுக்குக் கருவி இல்லாமலே கேக்குமே. கீச்சுச் சத்தம்தான் விழாது." திரையில் அவருடைய செவித்திறன் வரைபடத்தைக் காட்டினாள். "அதைத்தான் கூட்டி வச்சிருக்கேன்."

"படம் கிடக்கட்டும்மா. ரெண்டு. காதுல நிக்காம லொடலொடன்னு ஆடுது."

எழுந்து வந்து அசைத்துப் பார்த்தாள். ஆணியடித்தாற்போல உட்கார்ந்திருந்தது.

"கெட்டியாத்தானே இருக்கு?"

"இங்க இருக்கும். வீட்ல ஆடும்."

"ஏன், வீட்டுக்குப் போனா காது சின்னதாயிடுமா?"

பெரியவர் சிரிக்கவில்லை.

"வீட்ல நானும் என் வீட்டுக்காரியும் ரெண்டே பேர்மா. நாப்பது வருஷம் வாய் ஓயாம பேசினவங்க. இப்ப 'என்ன, என்ன'ன்னு கேக்கறதுலயே பொழுது போயிடுது. அவ பேசறதையே விட்டுட்டா. எனக்கு அந்தப் பேச்சு திரும்ப வேணும். சரியாகற வரைக்கும் தினமும் வந்து நிப்பேன்."

"வாங்க. நானும் விடறதா இல்ல. மூணாவது?"

"குனிஞ்சா வீல்னு கத்துது."

"ஆடினா கத்தத்தான் செய்யும். ஆனா ஏன் ஆடுது?" தனக்குத்தானே சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தாள். "நாலு?"

சீட்டைத் தள்ளிப் பிடித்து வாசித்தார் பெரியவர்.

"நாலு. கழட்டும்போதெல்லாம் கொண்டை ஊசியில சிக்கி வலிக்குது."

அவள் விரல்கள் நின்றன. மெல்லத் திரும்பி, டியூப்லைட் வெளிச்சத்தில் ஒற்றை முடிகூட இல்லாமல் பளபளத்த அவர் தலையைப் பார்த்தாள்.

பெரியவர் சீட்டை அவசரமாக மடித்தார்.

"நாலு பேர் பாக்கக் காதைக் காட்ட மாட்டேங்கறா டாக்டரம்மா. அதான், என்னோடதையே அவ காதுல..."

டாக்டரம்மா அவருடைய கோப்பை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தாள்.

"வீட்டு விலாசம் சொல்லுங்க. நாளைக்குக் காலையில மெஷினைத் தூக்கிட்டு நானே வந்து, அந்தக் கொண்டைக்குக் கீழ இருக்கிற காதுக்கு அளவெடுக்கறேன்."