பக்கத்து நாற்காலி

"இங்கிலீஷ் சரியா வராதுன்னு சொல்லிடுங்க ஆண்ட்டி. உடனே அனுப்பிடுவாங்க" என்றான் முகிலன்.

ட்ரென்டன் நகரில் இருக்கும் கவுன்டி கோர்ட்டில், ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்கள் காத்திருக்கும் அறை. பக்கத்து நாற்காலியில் இருந்த எழிலரசி சிரித்தார். பக்கத்து ஊரான வெஸ்ட் வின்ட்சரிலிருந்து தனியாக வந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ்.

"நீ என்னப்பா சொல்லப் போற?"

"ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் வீக்னு. நிஜம் அது இல்ல ஆண்ட்டி. சிட்டிசன் ஆனதே போன வருஷம்தான், அதுக்குள்ள ஜூரி டூட்டி. கோடிங்ல தப்பு பண்ணா மறுநாள் ஃபிக்ஸ் பண்ணிடலாம். இங்க தப்பு பண்ணா ஒருத்தன் ஜெயிலுக்குல்ல போவான்? நம்மளால ஆகாது."

எழிலரசியின் சிரிப்பு நின்றது. "எனக்கும் அதே பயம்தான். தப்பாச் சொல்லிட்டோமோன்னு ராத்திரி எந்திரிச்சு உக்காந்துடுவேன்."

"முன்னாடியே வந்திருக்கீங்களா?"

"ஜூரியா இதான் ஃபர்ஸ்ட் டைம்."

பாவம், கோர்ட்டிலிருந்து கடிதம் வந்த நாளிலிருந்தே தூக்கம் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். "அப்ப நான் சொன்னதைச் சொல்லிட்டு கிளம்புங்க."

"அவன் யாரோ, என்ன பண்ணானோ. கேக்காமலே எப்படிப்பா போறது?"

பெயர்கள் அழைக்கப்பட்டன. விசாரணை அறைக்குள் உயரமான கூரை, மரச் சுவர், யாரும் இருமக்கூடத் தயங்கும் அமைதி. ஏழாவது நாற்காலி முகிலனுக்கு; எட்டாவது எழிலரசிக்கு. எதிரே குற்றம் சாட்டப்பட்ட இளைஞன். புதுச் சட்டையில் மடிப்புக் கோடுகள்கூடக் கலையவில்லை. எழிலரசி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாம் எண், ஜூரியில் அமர உங்களுக்கு ஏதாவது தடை இருக்கிறதா?" என்று கேட்டார் நீதிபதி.

எழுந்து நின்ற முகிலனின் நாக்கு நுனிவரை ரிலீஸ் வீக் வந்தது. பக்கத்தில் பார்த்தான். தானும் போய்விட்டால் இந்த ஆண்ட்டி தனியாக அல்லவா தவிப்பார்?

"இல்லை, யுவர் ஹானர்."

உட்கார்ந்ததும் மெல்ல அவர் பக்கம் சாய்ந்தான். "பயப்படாதீங்க ஆண்ட்டி. நான் கூட இருக்கேன்."

"தேங்க்ஸ்ப்பா" என்றார் எழிலரசி. கேலியாகச் சொல்லவில்லை.

"எட்டாம் எண், என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

எழிலரசி எழுந்தார். "ஃபெடரல் கோர்ட்டில் நீதிபதி, யுவர் ஹானர். பத்தொன்பது வருடங்களாக."

மேடையில் இருந்த நீதிபதி தன்னையறியாமல் பாதி எழுந்தார்; முகிலன் முழுதாகவே எழுந்து நின்றுவிட்டான்.