உதட்டோரத்து நிழல்

ஒரு அருங்காட்சியகத்தில் கல்லில் செதுக்கிய ராணி ஒருத்தி நின்றிருந்தாள். ஒற்றை ஜன்னலின் வெளிச்சம்தான் அவளுக்கு. அதனால் அவள் உதட்டோரத்தில் எப்போதும் ஒரு சின்ன நிழல் ஒதுங்கியிருக்கும்.

"கரி பூசின மாதிரி என் முகத்திலேயே கிடக்கிறாயே, எங்காவது தொலைய மாட்டாயா?" என்று ராணி அதைத் தினமும் கரித்துக்கொட்டுவாள்.

"சிற்பிதான் எனக்கென்று இங்கே ஒரு குழி செதுக்கினார், தாயே" என்று மட்டும் நிழல் சொல்லும்.

ஒருநாள் அவளைச் சுற்றி நாலு பக்கமும் பெரிய விளக்குகளைப் போட்டார்கள். "வருகிறேன், தாயே" என்று நிழல் போய்விட்டது. ராணிக்கு அப்பாடா என்றிருந்தது.

வழக்கமாக அவளைப் பார்க்க வரும் பெண் அன்றும் வந்தாள். வெகுநேரம் தேடிவிட்டுக் காவலாளியிடம், "இங்கே இருந்த ராணி சிலை எங்கேங்க?" என்று கேட்டாள்.

"உங்க எதிர்லதாம்மா நிக்குது."

"இது இல்லீங்க," என்றாள் அவள். "அது என்னைப் பார்த்துச் சிரிக்கும்."