சைவ மீன்

தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு அப்பா இரண்டு கைகளையும் விரித்தார்.

மேல்சித்தாமூரிலிருந்து எங்கள் வீடு பார்க்க வந்திருந்த பத்மப்ரியாவும் அவள் அப்பா அம்மாவும் நாற்காலியோடு அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

நானும் பத்மப்ரியாவும் தினமும் திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவள் வீட்டில் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற ஜைனக் குடும்பம். நாங்களும் ஜைனர்கள்தான். ஆனால் எங்கள் வீட்டில் மீன் இருக்கிறது.

ஒரு சாண் நீளம், நீல உடம்பு. ஆப்பிரிக்க ஏரி மீன், சிக்லிட் ஜாதி, நத்தைதான் இதன் சாப்பாடு என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். அப்பா காதில் வாங்கவில்லை. வேகவைத்த பட்டாணியும் கீரையும் போட்டு வளர்த்தார். சாது என்று பெயரும் வைத்தார்.

தண்ணீர்ச் செடியோடு வந்த நத்தைகள் தொட்டியில் பெருகின. ஒன்றையாவது தொடுகிறதா பாருங்கள் என்று திண்டிவனம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

தொடும். அப்பா எழுந்திருக்கும் முன் தொட்டியின் அடியில் கிடக்கும் ஓட்டுச் சில்லுகளை வழித்தெடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடுவது என் வேலை. அம்மாவுக்கும் தெரியும். அப்பாவிடம் சொல்ல இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. வேறு எதற்கும் அந்த மனிதர் இப்படி நெஞ்சை நிமிர்த்தி நாங்கள் பார்த்ததில்லை.

வந்தவர்களுக்கு ஆளுக்கொரு தட்டு நிறைய வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஓடு உரிக்காமல். அது அப்பா போட்ட சட்டம். மல்லாட்டை மண்டி வைத்திருப்பவன் வீட்டில் வேறு என்ன கொடுப்பார்கள் என்பார். அவருக்கு மல்லாட்டை ஒத்துக்கொள்ளாது, பித்தம். ஆனாலும் மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கையில் நாலைந்தை வைத்து உடைத்துக்கொண்டே இருப்பார். கைப்பழக்கம் என்று விட்டுவிட்டோம்.

இன்று சம்பந்தி வந்த சந்தோஷத்தில் அதையும் மறந்து வெறுங்கையோடு பேசிக்கொண்டிருந்தார். பிறவிக் குணம் போகாது என்கிறவர்கள் என் சாதுவை வந்து பார்க்கட்டும் என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால், கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தையைச் சாது கவ்வியது.

டக்.

பத்மப்ரியாவின் அம்மா நிமிர்ந்தார். அது என்ன சத்தம் என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். என் கல்யாணம் அந்த மீனின் வாயில் இருந்தது.

டக்.

இந்தச் சத்தம் தொட்டியிலிருந்து வரவில்லை. ஓரத்து நாற்காலியில் இருந்த பத்மப்ரியாவின் விரல்களுக்கு நடுவில் ஒரு மல்லாட்டை உடைந்திருந்தது. அவள் இடத்திலிருந்து பார்த்தால் தொட்டி முழுசாகத் தெரியும்.

“மல்லாட்டை நல்லா வறுபட்டுருக்குதுங்க” என்றாள் அப்பாவிடம்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதையும் கவனித்தேன்.

அவள் அம்மா சிரித்துவிட்டுத் தானும் ஒன்றை எடுத்தார். அப்பா விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். தொட்டிக்குள் டக் என்றபோதெல்லாம் ஓரத்து நாற்காலியிலும் டக் என்றது.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தார்கள். நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவள் அப்பா கைகூப்பினார். மூவரும் கிளம்பிப் போனார்கள்.

தட்டுகளை எடுக்கப் போனேன். பத்மப்ரியாவின் தட்டில் இருந்த மல்லாட்டை அத்தனையும் உடைந்திருந்தது. ஒரு பருப்பைக்கூட அவள் தின்றிருக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒருத்தி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்?

அப்பா பின்னால் வந்து நின்று அந்தத் தட்டையே பார்த்தார். மீனைக் காட்டும்போது நிமிர்கிற நெஞ்சு இப்போதும் நிமிர்ந்திருந்தது.

“மருமகப் பொண்ணு நேரம் பாத்து ஒடைக்குதுடா” என்றார். “நான் பழகிக்கினு வர்றதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு.”