மாப்பிள்ளையின் ஒரே ஆட்டம்

வசீகரனுக்குப் பெண் பார்க்க, அவனையும் கூட்டிக்கொண்டு துபாய்க்குப் பக்கத்திலுள்ள ரோலாவுக்கு வந்திருந்த பெரியப்பா சிவகுருநாதன் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"எங்கட பெடியன் துபாயில பெரிய லீக்கிலேயே பேஸ்பால் விளையாடினவன். அடிக்கிற ஆளுக்குப் பின்னால குந்தியிருந்து பந்து பிடிக்கிறவன்."

"எத்தனை ஆட்டம்?" என்றார் பெண்ணின் தகப்பன் தயாபரன்.

"ஒண்டு."

"எத்தனை ஓட்டம்?"

"ஓடுறது எங்கட குடும்பத்தில வழக்கமில்லை."

"பிடிச்ச பந்து?"

"பூச்சியம். அவனிட்டப் பந்து வந்தால்தானே?"

தேநீர்த் தட்டுடன் வந்த கஜானி, "எப்படி வரும்? எதிரணியில நிண்டு எல்லாத்தையும் நான் அடிச்சிட்டன்" என்றாள்.

தயாபரன் மகளையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, முதலே பழக்கமோ?"

வசீகரன் தலைகுனிந்தான்.

"என்ன பழக்கம்?" என்றார் சிவகுருநாதன் விறைப்பாக. "பொம்பிளைப் பிள்ளை நிக்கிற இடத்தில எங்கட பெடியன் கை நீட்டமாட்டான். அதாலதான் பூச்சியம்."